ஸ்டோரில் கேட்ட சத்தம்

பதினான்கு வருஷம் ஃபிட்டர் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரம் பிடிப்பது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். படம் அச்சடித்த மாதிரி இருக்கும். பார்க்க வந்த அதிகாரிகள் எல்லோரும் பாராட்டிவிட்டுத்தான் போவார்கள். அதே அரத்தை என் கையில் கொடுத்து, ஒரு இரும்புத் துண்டைத் தட்டையாக அராவிக் காட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் என் வண்டவாளம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் அறுபது பேருக்கு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இரண்டே இரண்டு, அதில் ஒன்று இறுகாது. அந்தச் சாக்கிலேயே காலம் ஓடிவிட்டது.

என்னைப் போல இன்னும் பல பேர் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் உத்தரவு வந்தது. உலோக வேலை சொல்லித்தரும் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் நீலகிரியில் ஆறு வாரம் தங்கிக் கைவேலை பழக வேண்டும். கடைசி நாள் பரீட்சை. தேறாதவர்களுக்கு இனிப் பட்டறையில் இடமில்லை, அலுவலகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபைல்தான்; இரும்பு ஃபைல் பிடிக்கத் தெரியாதவனுக்குக் காகித ஃபைல் என்று மலை ஏறும் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் கோபம்தான் வரும்.

கூடலூரிலிருந்து ஓவேலிப் பக்கம் ஏறும் பாதையில், மூடிப்போன ஒரு தேயிலை ஃபாக்டரி. அதன் பக்கச் சுவரை ஒட்டிய நீளத் தகரக் கொட்டகைதான் எங்கள் பட்டறை. ஃபாக்டரி பூட்டிக் கிடந்தது, சாவி எங்கோ எஸ்டேட் ஆபீசில். கொட்டகைக்குள் ஒரு ஆயில் என்ஜின். அது கூரையடியில் நீளமாகப் போகும் ஒரு இரும்புத் தண்டைச் சுற்றும். சாஃப்ட் என்போம். சாஃப்டிலிருந்து பெல்ட்கள் இறங்கி லேத்தையும் சாணைக்கல்லையும் ஓட்டும். ஒரு காலத்தில் அதே சாஃப்ட்தான் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் ஃபாக்டரிக்குள் இலை உருட்டும் இயந்திரங்களையும் ஓட்டியது. அந்தப் பக்கத்து பெல்ட்களை எல்லாம் கழற்றியாயிற்று, அங்கே ஒன்றும் இல்லை என்று முதல் நாளே சொன்னார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

என் பெஞ்சு அந்தச் சுவரோரம், சாஃப்ட் சுவருக்குள் நுழையுமுன் அதைத் தாங்கும் கடைசித் தாங்கிக்கு நேர் கீழே. எனக்கு இடதுபுறம், அதே சுவரை ஒட்டி, கருவிகள் வைக்கும் ஒரு சின்ன அறை. கதவில் வெள்ளைப் பெயின்டில் ‘ஸ்டோர்’ என்று எழுதியிருந்தது.

பயிற்சிப் பொறுப்பாளர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்தார். நான் பழக்க தோஷத்தில் கரும்பலகையைத் தேடினேன்.

"அரத்துல தேய்ங்க. பல்லு இடுக்குல இரும்புத்தூள் அடைக்காது. இங்க சாக்பீஸுக்கு அது ஒண்ணுதானுங்க வேலை" என்றார்.

கருவி அறையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். சிலோன் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அவரும் மனைவியும் அப்படி வந்தவர்கள். என் வயதுக்காரர்தான். வேலைக்கு எடுக்கும்போது, அங்கே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார்களாம். "ஸ்டோர்ல வேலைங்க ஐயா, இருவது வருசம்" என்றாராம். உடனே ஸ்டோர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் சாவியையும் அந்த அறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பொறுப்பாளர் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். கொட்டகைக்குப் பின்னால் இருவருக்கும் ஒரு அறை கொடுத்திருந்தது. வேலை தற்காலிகம். வேலை போனால் அறையும் போகும்.

முதல் வாரம் எனக்கு நரகம். உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்புக் கட்டி. அதன் பக்கங்களைத் தட்டையாக, ஒன்றுக்கொன்று நேர் மூலையாக அராவ வேண்டும். அராவி முடித்து, மூலைமட்டத்தை மேலே வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் வரக்கூடாது. என் துண்டில் இரண்டு ஓரமும் பளீரென்று வெளிச்சம் வந்தது. அரம் முன்னால் போகும்போது என் கை முதலில் ஏறி, பிறகு இறங்கியது. நடுவில் மேடு விழுந்தது.

"கை ஊஞ்சலாடுதுங்க" என்றார் பொறுப்பாளர்.

பக்கத்து பெஞ்சில் ஈரோட்டுப் பக்கத்து ஆசிரியர் ஒருவர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. என் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எத்தன மாசமுங்க?" என்றார். பட்டறையே சிரித்தது. நான் அரத்தைத் தூக்கித் தரையில் வீசினேன். கருவி அறைக்காரர் வந்து அதை எடுத்து, துணியால் துடைத்து, என் பெஞ்சில் மெதுவாக வைத்தார்.

"அரம் கண்ணாடி மாதிரிங்க ஐயா. ஒடஞ்சிரும்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் கண் ஒரு கணம் என் துண்டின் மேட்டில் பட்டுத் திரும்பியது. சிரித்தவர்களைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ஜினை நிறுத்தியதும் எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் பிடிவாதமாக நின்றேன். மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி ஓவேலியில் மத்தியானத்திலும் வரும். வாசல் வழியாக உள்ளே நுழைந்து பெஞ்சு பெஞ்சாக மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் என் கையும் வைஸும் மட்டும் தெரிந்தன. அப்போதுதான் கேட்டது.

யாரோ அராவிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ர்ர்ர் என்று ஒரு இழுப்பு, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி ஸ்ர்ர்ர். முதலில் ஈரோட்டுக்காரர்தான் விளையாடுகிறார் என்று நினைத்து ஒரு வசவை வீசினேன். சத்தம் நிற்கவில்லை. மஞ்சுக்குள் ஒவ்வொரு பெஞ்சாகத் தடவிக்கொண்டே போனேன். பதினோரு பெஞ்சிலும் ஆள் இல்லை. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நாலைந்து நிமிஷத்தில் அதன் வேகம் குறைந்துகொண்டே போய், கடைசி இழுப்பு பாதியில் நின்றது. ஒரு ஆள் வேலையை முடித்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தது போலவே இருந்தது. 

மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அந்த இழுப்பு ஒரே சீராக இருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பேய்க்குப் பயந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. பேயின் கைவேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் அந்தச் சத்தத்தோடு சேர்த்து என் அரத்தைத் தள்ளினேன். அது இழுத்தால் நானும் இழுத்தேன். அது மூச்சு விட்டால் நானும் விட்டேன். சத்தம் நின்றதும் துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேடு பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கப்புறம் மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுப்பாளரிடம் பட்டறைச் சாவி வாங்கித் தனியாகப் பழகப் போனேன். விடுமுறை என்பதால் என்ஜினைத் தொட ஆளில்லை. பெஞ்சில் நின்று அரத்தை எடுத்ததும் சத்தம் ஆரம்பித்தது. அன்று அது நாலைந்து நிமிஷத்தில் நிற்கவில்லை. காலை முழுக்க எனக்கு ஈடு கொடுத்தது. ஒரு தரம் தலையைத் திருப்பினேன். கருவி அறைக்காரர் வாசலில் நின்றிருந்தார். நான் அராவுவதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், போய்விட்டார்.

நாலாவது வாரம் ஒரு காலையில், வேலை தொடங்கும் முன் அவர் பொறுப்பாளர் முன்னால் வந்து நின்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம்.

"ஐயா, ஸ்டோர்ல அரம் ராவுற மாதிரி சத்தம் கேக்குது. தரையில என்னமோ மினுங்குது. எனக்கு மிச்சம் பயமா இருக்குங்க. என்ஜின ஓட்ட வேணாங்க ஐயா."

பொறுப்பாளர் கருவி அறையைத் திறந்தார். சுவரில் அரங்கள், சுத்தியல்கள், கீழே பெருக்கிச் சுத்தமாக வைத்த தரை. ஒரு சத்தமும் இல்லை.

"இங்க இல்லைங்க ஐயா, ஸ்டோர்ல" என்றார் அவர். அறையின் உள்சுவரைக் கை நீட்டிக் காட்டினார்.

"இதுதாம்ப்பா ஸ்டோரு" என்றார் பொறுப்பாளர்.

"இவரே பூட்டறாரு, இவரே தொறக்கறாரு. பேய்க்குத் தனிச் சாவி குடுத்திருக்கறாருங்களாட்ட இருக்குது" என்றார் ஈரோட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருவி அறைக்காரர் கையைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

இரண்டு தரம் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய் என்ஜினை நிறுத்திவிட்டார். வெட்டிக்கொண்டிருந்த கருவி முறிந்து, ஒரு துண்டு தெறித்து ஒருவர் காதை உரசிக்கொண்டு போயிற்று. பொறுப்பாளர் முகம் மாறிவிட்டது.

"மிஷின் ஓடற எடத்துல இப்பிடி ஒருத்தர வெச்சுக்க முடியாதுங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு, நியாயஸ்தர் ஆகையால், என்னிடம் திரும்பினார். "மத்தியானமெல்லாம் நீங்க ஒருத்தர்தான் இங்கயே இருக்கறீங்க. உங்குளுக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா? கேட்டுச்சுன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் இவர இங்கயே வெச்சுக்கறேன்."

கருவி அறைக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று பார்த்தவர்.

ஆமாம் என்றால் பைத்தியம் இரண்டாகும், பரீட்சைக்கு முன்பே என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதைவிட அசிங்கமான இன்னொரு நினைப்பும் இருந்தது. சத்தம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் என் கை மறுபடி ஊஞ்சலாடுமே.

"இல்லீங்க" என்றேன்.

சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யும்படி அவரிடம் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குப் பரீட்சையும் அந்தச் சனிக்கிழமைதான், பயிற்சியை ஒரு வாரம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

பரீட்சை காலையிலேயே தொடங்கியது. லேத் வேலைக்காரர்களுக்காக என்ஜின் ஓடியது. எனக்கு ஆறு பக்கத்தில் ஐந்து முடிந்திருந்தது. ஒரு மணி வாக்கில் முகம் கழுவ வெளியே வந்தேன். குழாயடியில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். கையில் கருவி அறைச் சாவி.

"இத ஒப்படைக்கச் சொன்னாருங்க ஐயா. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போறோம்."

"எங்கே?"

"மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டமாம். எந்த ஊருன்னு சரியாத் தெரியாதுங்க. கூட்டிட்டுப் போற ஆளுக்குத்தான் தெரியும்."

சாவியை வாங்கிக்கொண்டேன். தப்பு செய்தவனுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும், அன்று எனக்கு வந்தது அந்தக் கோபம். "சாவியப் பார்த்துக்கிற சின்ன வேலைம்மா. அதுல போய் பேய், சத்தம்னு கதை கட்டினா யாரு வச்சுக்குவாங்க?" என்றேன்.

"சாவி வேலையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லைங்க. அங்க இருவது வருசம் ஸ்டோர்ல சாஃப்டுக்கு எண்ணெ போட்டவரு. சத்தத்த வச்சே எங்க தேயுதுன்னு சொல்லிருவாரு."

"ஸ்டோர்ல ஏதும்மா சாஃப்ட்?"

அவள் என்னை அப்பாவியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சு விலகிய இடத்தில், ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தேயிலை ஃபாக்டரியின் புகைபோக்கி தெரிந்தது. அதைக் காட்டினாள்.

"அந்தா ஸ்டோரு. நான் தெனமும் கொழுந்து கொண்டுபோய்ப் போடுறது அந்த ஸ்டோருக்குத்தான்." பிறகு திரும்பி, எங்கள் கொட்டகைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கட்டிடத்தைக் காட்டினாள். "இதுவும் ஸ்டோருதானே ஐயா. தகர ஓட்டை வழியாப் பாத்திருக்காரு. உள்ள தரையெல்லாம் மினுங்குதுன்னு சொன்னாரு."

சிலோனில் தேயிலை ஃபாக்டரிக்கு ஸ்டோர் என்று பெயர். அன்று அவர் கை நீட்டிக் காட்டியது சுவருக்கு அந்தப் பக்கத்து ஃபாக்டரியைத்தான். நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கத்துக் கருவி அறையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.  உள்ளே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் என்ஜினை நிறுத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். "சாஃப்ட் ஆடுதுங்க, அந்தப் பக்கம் பார்க்கணும்" என்றேன். ஆடியதா என்று எனக்குத் தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னேன். பொறுப்பாளர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஃபாக்டரி வாசலுக்கு நடந்தார். துருப்பிடித்த பூட்டு ஒரே அடியில் விழுந்தது.

உள்ளே இருட்டு. பழைய தேயிலை வாசம் இன்னும் இருந்தது. சத்தம் இப்போது நேர் எதிரே கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஈரோட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கூரையடியில் சாஃப்ட் அசையாமல் நின்றது. அதன் மேல் வண்டிச் சக்கரம் அளவில் ஒரு இரும்புப் புல்லி, பெல்ட் இல்லாமல், தள்ளுவார் இல்லாமல், தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்ர்ர்ர். மூச்சு. ஸ்ர்ர்ர். அதன் கீழே தரையில் அரப்பொடி குவியலாகக் கிடந்தது. தகர ஓட்டைகளின் வழியே வந்த வெளிச்சத்தில் அது புதிதாக மினுங்கியது. சுற்றிலும் பல வருஷத்துத் தூசி. அதில் ஒரு காலடி இல்லை. பன்னிரண்டு பேரும் நிமிர்ந்தபடி நின்றோம். புல்லி மெதுவாகி, கடைசி இழுப்பில் பாதியில் நின்றது.

பொறுப்பாளர் ஏணி வைத்து ஏறினார். புல்லியைச் சாஃப்டோடு பிணைக்கும் ஆப்பு எப்போதோ விழுந்துவிட்டிருந்தது. சாஃப்ட் ஓடும்போது புல்லி உரசிக்கொண்டே கூடச் சுற்றும். சாஃப்டை நிறுத்தினாலும் தன் கனத்தில் கொஞ்ச நேரம் சுற்றும். அப்படிச் சுற்றிச் சுற்றி சாஃப்டைப் பாதிக்கு மேல் தின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. என்ஜினே ஓடாத அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கிடைக்கவில்லை. இன்றுவரை நான் தேடவும் இல்லை.

"இன்னிக்கு சாய்ங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காதுங்க. ஒடிஞ்சிருந்தா அந்தக் கடைசித் தாங்கியோட பேத்துக்கிட்டு உங்க தலை மேலதான் வந்திருக்கும்" என்றார் இறங்கி வந்து. என் தோளைத் தட்டினார். "நல்ல வேளை, பாத்தீங்க." வெளியே வந்த பிறகு, "அவரு சொன்னது இதைத்தானோ என்னமோ. திங்கக்கெழம ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கலாம்" என்றார்.

மணி ஒன்று இருபது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு மற்றதெல்லாம் வெளியே வரும். உனக்கு எப்படித் தெரியும், அவள் என்ன சொன்னாள், அன்று நீ என்ன சொன்னாய். பெஞ்சு வேலைக்கு என்ஜின் வேண்டாம், தொடருங்கள் என்றார் பொறுப்பாளர். எனக்கு ஒரு பக்கம் பாக்கி இருந்தது. இதை முடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று அரத்தை எடுத்தேன்.

சுவருக்கு அப்பால் சத்தம் இல்லை. கை மட்டும் அந்தச் சத்தத்திலேயே போய்க்கொண்டிருந்தது. கீழே மஞ்சுக்குள், வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அடுத்த வளைவில் இன்னொரு தரம் அடித்தது. என் இழுப்பு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

இரண்டரை மணிக்குப் பொறுப்பாளர் என் துண்டை எடுத்து மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கினார். திருப்பினார். ஆறு பக்கமும் பார்த்தார்.

"ஒரு பொட்டு வெளிச்சம் வரலீங்க. ஒரு மாசத்துல இந்தக் கை எங்கிருந்துங்க வந்துச்சு?"

சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கும் கேட்டதுங்க" என்றேன். "அவங்க ரெண்டு மணி பஸ்ஸுல போயிட்டாங்க."

அவர் சாவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, மதிப்பெண் தாளை இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். முதல் இடம் எனக்குத்தான்.